சொறி ஆறிடுச்சு, எடை ஏன் ஏறல?

தண்டையார்பேட்டையில நான் உக்கார்ற க்ளினிக்குக்கு நாய், பூனை, கோழிக்கு நடுவுல இப்போ கினி பிக்கும் (கூண்டுல வளர்க்கிற, வால் இல்லாத எலி ஜாதிப் பிராணி) நிறைய வருது, பெரும்பாலும் சொறின்னு சொல்லித்தான் தூக்கிட்டு வர்றாங்க. முதுகு, தோள்பட்டை, தொடை உள்பக்கம்னு முடி கொட்டி, தோல் தடிச்சு, மஞ்சளா பக்கு கட்டியிருக்கும். அதுக்குள்ள வீட்ல வேப்பெண்ணெய், மஞ்சள், நாய் ஷாம்பு எல்லாம் போட்டு முடிச்சிருப்பாங்க. எனக்கு திட்ட மனசு வராது, அக்கறையிலதான் போட்டிருக்காங்க, ஆனா இந்தச் சொறியைக் கொண்டு வர்ற பூச்சி தோல் மேல இல்ல, தோலுக்குள்ள வளை தோண்டிக்கிட்டு இருக்கு.

ட்ரிக்ஸாகேரஸ்னு பேரு. ப்ளேடுல ஒரு சொட்டு லிக்விட் பாராஃபின் தொட்டு, லேசா ரத்தம் கசியற வரைக்கும் சுரண்டி எடுத்து ஸ்லைடுல வச்சா, உருண்டையா குட்டைக் காலை ஆட்டிக்கிட்டு நகர்றது தெரியும், பக்கத்துலயே முட்டை. சில நேரம் சுரண்டினதுல ஒண்ணும் சிக்காது, அதுக்காக பூச்சி இல்லன்னு விட்டுட முடியாது, அரிப்பைப் பாத்தே மருந்து ஆரம்பிச்சிடுவேன். மைக்ரோஸ்கோப்புல பாத்த ஒரு அம்மா "இன்னா டாக்டரம்மா, இது புள்ளைங்க மேலயும் ஏறுமா"ன்னு பயந்துட்டாங்க. ஏறும்மா, கையில வயித்துல சிவப்பா தடிக்கும், ஆனா மனுஷ தோல்ல அதால குடும்பம் நடத்த முடியாது, பிராணிக்கு சரியாச்சுன்னா இதுவும் அடங்கிடும்னு சொன்னேன்.

இந்த அரிப்பு சாதாரண அரிப்பு இல்ல. முத்திப்போன கேஸ்ல முதுகைத் தொட்டாலே போதும், அப்படியே சுருண்டு கையிலேயே வலிப்பு வந்துடும். அதனால குளிப்பாட்டாதீங்க, சொரிஞ்சு விடாதீங்கன்னு கெஞ்சி சொல்றேன். அந்த மாதிரி வந்தா முதல்ல வலிப்பை அடக்கிட்டுத்தான் மத்த வேலை.

மருந்து ஐவர்மெக்டின். கடையில கிடைக்கிற 1% ஊசியில ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு, 800 கிராம் இருக்கிற கினி பிக்குக்கு அதுல 0.03 மில்லிதான் வேணும், 40 யூனிட் (U-40) இன்சுலின் சிரிஞ்சுல ஒரு கோடு சொச்சம். நாய்க்கு போடறதை கண்ணளவுல போட்டா எத்தனை மடங்கு போகும்னு யோசிச்சுப் பாருங்க. முட்டையை இந்த மருந்து கொல்லாது, அதனால 7 நாள்லேர்ந்து 14 நாள் இடைவெளி விட்டு மொத்தம் மூணு தடவையாவது போடணும், முதல் ஊசியிலேயே அரிப்பு குறைஞ்சதும் நிறைய பேர் வர்றதை நிறுத்திடறாங்க.

ஆனா எனக்கு சொறியை விட பெரிய கவலை எடைதான். ராயபுரத்துலேர்ந்து வந்த ஒண்ணு, மூணாவது ஊசிக்கு வந்தப்போ முடியெல்லாம் அழகா முளைச்சிருந்தது, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். தராசுல வச்சா முதல் தடவை 860 கிராம் இருந்தது 710. தாடையில எச்சில் ஈரம், புழுக்கை சின்னதா காஞ்சு போயிருக்கு. காது பாக்குற ஓடோஸ்கோப்பை வாயில விட்டுப் பாத்தா, கீழ் கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் உள்பக்கமா வளைஞ்சு நாக்கு மேல பாலம் கட்டின மாதிரி நிக்குது. அதுக்கு பசிக்கும், தட்டுகிட்ட ஓடி வரும், ஆனா முழுங்க முடியாது. பல்லை மயக்கம் குடுத்துதான் சரி பண்ணணும், அதனால வேப்பேரி வெட்னரி காலேஜுக்கு எழுதிக் குடுத்தேன்.

விசாரிச்சா தினமும் முயல் தீவனமும் கேரட்டும்தான் போட்டிருக்காங்க. கினி பிக் பல்லு சாகிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், நார் நிறைஞ்ச புல்லை நாள் முழுக்க மென்னாத்தான் தேயும். அப்புறம் நம்மள மாதிரியே அதுக்கும் வைட்டமின் சி உடம்புல ஊறாது, கிலோ எடைக்கு தினமும் 10லேர்ந்து 30 மில்லிகிராம் வேணும், முயல் தீவனத்துல அது சேர்க்கறதில்ல. சத்து குறைஞ்சா மூட்டு வலிச்சு ஒரு மூலையில உக்காந்துடும், சாப்பாடு குறையும், எதிர்ப்பு சக்தி போய் பூச்சியும் லேசா ஏறிக்கும். தண்ணியில சொட்டு மருந்து கலக்கறது வேலைக்கு ஆகாது, சீக்கிரமே சத்து போயிடும். ஒரு சின்னத் துண்டு கொய்யா, கொஞ்சம் குடைமிளகாய் போதும். இறக்குமதி புல்லு விலை கட்டுப்படியாகலன்னா பூக்கடையில பிள்ளையாருக்கு விக்கிற அருகம்புல்லை நல்லா அலசிப் போடுங்க, ஆசையா தின்னும்.

இன்னொண்ணு, புண்ணு இருக்கேன்னு வீட்ல குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின் சிரப்பை மட்டும் ஊத்திடாதீங்க. குடல்ல இருக்கிற நல்ல கிருமி செத்து, விஷக் கிருமி பெருகி, பேதி ஆகி செத்தே போயிடும், இதை யாராவது விளையாட்டா எடுத்துக்கிட்டா எனக்கு நெஞ்சு அடைக்குது.

வீட்ல சமையல் தராசு இருந்தா வாரா வாரம் ஒரே நேரத்துல ஒரு டப்பாவுல உக்கார வச்சு எழுதி வைங்க. அரை நாளா வாயில ஒண்ணும் வைக்கலன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, குடல் ஓட்டம் நின்னுடும். வர்றப்போ கூண்டுல இருக்கிற மத்ததையும், அரிப்பே இல்லன்னாலும், சேத்து தூக்கிட்டு வாங்க, அதுக்கும் மருந்து போடணும்.