பதினாறு வருஷம் கழிச்சு அம்மா வெச்ச பாயசம்

எங்க ஊரு ஆத்தூர் பக்கம். தலைவாசல் கிட்ட தியாகனூர்னு ஒரு கிராமம் இருக்கு, அங்க ரெண்டு புத்தர் சிலை இருக்கு, கல்லு, நல்லா பெருசு, தியானத்துல உக்காந்த கோலம். இப்ப தியான மண்டபம் எல்லாம் கட்டிட்டாங்க. எங்கம்மாவுக்கு அவரு புத்தர்ங்கறதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும், அதுக்கு முன்னாடியும் சாமி, தெரிஞ்சதுக்கு அப்புறமும் சாமி, போனா ஒரு விளக்கு போட்டுட்டு வரும் அவ்ளோதான்.

2009ல என் தம்பிக்கு 19 வயசு. குடல்ல ஓட்டை விழுந்துருச்சு, முதல்ல பாத்த எடத்துல கேஸ் ட்ரபிள்னு சொல்லி பத்து நாள் மாத்திரை குடுத்தே ஓட்டிட்டாங்க, அதுக்கப்புறம் வேற எடத்துக்குத் தூக்கிட்டு ஓடி ரெண்டு ஆபரேஷன். உசுரு தப்பிச்சுது ஆனா சோறு எறங்கல. ஒரு ஸ்பூன் கஞ்சி குடுத்தாலும் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துரும். 31 கிலோவுக்கு வந்துட்டான். அம்மா அவன் முதுக தொடச்சு விடும்போது பாத்துருக்கேன், ஈரத்துணி ஒவ்வொரு எலும்பு மேலயும் ஏறி ஏறி எறங்கும்.

எங்க தெருவுல இருந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியார்தான் அப்ப அம்மாகிட்ட அந்தக் கதைய சொன்னாரு, நீ விளக்கு போடுறியே அந்த சாமி 29 வயசுல வீட்ட விட்டுப் போயி ஆறு வருஷம் தவம் இருந்தவரு, கடைசில எலும்பும் தோலுமா ஆகி, ஒரு பொண்ணு குடுத்த பாயசத்த சாப்ட்டுத்தான் எந்திரிச்சாருன்னு. அம்மா மறுநாள் காலைல முதல் பஸ்ஸ புடிச்சு தியாகனூர் போச்சு, நானும் கூடப் போனேன். சிலை முன்னாடி நின்னு சத்தமாவே சொல்லுச்சு, "சாமி, நீயும் பட்டினி கெடந்தவன்தான, பசின்னா உனக்குத் தெரியும்ல, எம்புள்ள வாயில சோறு எறங்கட்டும், நீ எங்க பட்டினி கெடந்தியோ அங்கயே வந்து உனக்குப் பாயசம் வெக்கிறேன்". எனக்கு அழுகை தாங்கல, வெளிய வந்துட்டேன்.

அவன் சாப்ட ஆரம்பிச்சது அதுக்கு மூணு வாரம் கழிச்சு. டாக்டருங்க பாடுபட்டாங்க, அத மறக்கல. ஆனா முதல் வாய் ரசஞ்சோறு உள்ள போயி தங்குன அன்னைக்கு அம்மா கும்பிட்டது தியாகனூர் பக்கம் திரும்பித்தான்.

வேண்டுதல நிறைவேத்த பதினாறு வருஷம் ஆயிருச்சு. கடன், என் கல்யாணம், அப்புறம் அப்பாவுக்கு பக்கவாதம், ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளிப் போச்சு. 2022ல அப்பா தவறிட்டாரு. எப்படியும் அவருக்கு கயாவுல பிண்டம் வெக்கணும், அங்கருந்து புத்தகயா கிட்டதான, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்னு 2025 தை அமாவாசைய ஒட்டி கெளம்புனோம். அம்மாவுக்கு 67 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. நான், தம்பி, அம்மா மூணு பேரு. அம்மா பையில ஒரு கிலோ பச்சரிசி, ஏலக்காய், முந்திரி, நாட்டு வெல்லம் எல்லாம் வீட்லருந்தே கட்டி எடுத்துட்டு வந்துருச்சு.

நாங்க போன நேரம் பிரயாக்ராஜ்ல மகா கும்பமேளா. அத யோசிக்காம டிக்கெட் போட்டுட்டோம். அந்தப் பக்கம் நெருங்க நெருங்க ஸ்லீப்பர் கோச்னு பேருதான், நம்ம பெர்த்துல நமக்கு எடம் இல்ல, பாத்ரூம் வாசல் வரைக்கும் மூட்டையோட ஆளுங்க, அம்மா எட்டு மணி நேரம் கால நீட்டாம அரிசிப் பைய மடியில வெச்சுக்கிட்டே உக்காந்து வந்துச்சு. அவங்களும் சாமிக்காக வந்த ஜனம்தான், யாரச் சொல்றது. ஆனா இத்தனை கோடி பேரு வருவாங்கன்னு தெரியும்போது முன்பதிவு பண்ண வயசானவங்களுக்கு ஒரு வழி பண்ணிருக்கலாம்.

கயா பத்தி ரொம்ப சொல்லல, போனவங்களுக்குத் தெரியும். விஷ்ணுபாதத்துல கூட்டம், பல்குனி ஆத்துல இப்ப ரப்பர் டேம் கட்டி 2022லருந்து தண்ணி தேக்கி வெச்சிருக்காங்க, மணலத் தோண்ட வேண்டியதில்ல. ஒவ்வொரு எடத்துலயும் சங்கல்பத்துக்கு நடுவுலயே இன்னும் இவ்ளோ வைங்கன்னு காசு கேக்குறாங்க, பேசுன தொகை ஒண்ணு கடைசில குடுத்தது ஒண்ணு, அப்பா பேரச் சொல்லி பிண்டம் வெக்கிற நேரத்துல பேரம் பேச வேண்டி இருந்துச்சே, அதுதான் மனசுக்கு கஷ்டமா போச்சு. அட்சயவட ஆலமரத்தடியில அம்மா இனிமே சாப்பிட மாட்டேன்னு அவரைக்காயும் கொய்யாப்பழமும் விட்டுச்சு. கொய்யா அப்பாவுக்கு உசுரு. வேலை நல்லபடியா முடிஞ்சுது.

மறுநாள் புத்தகயாவுலருந்து ஆட்டோ புடிச்சு, அவரு பட்டினி கெடந்து தவம் இருந்த குகை இருக்குற துங்கேஸ்வரி மலைக்குப் போனோம். ஒரு 12 கிலோமீட்டர் இருக்கும், ஆத்த தாண்டி அந்தப் பக்கம். ஆட்டோக்காரரு பாதி வழில ரோடு சரியில்லன்னு இன்னும் முன்னூறு கேட்டாரு, குடுத்தோம். வழியெல்லாம் கடுகு பூத்து மஞ்சளா கெடக்கு, அதுக்கு நடுவுல ஒரு மொட்டப் பாறை மலை. கீழ எறங்குனதுமே பைக்குல மேல விடுறோம்னு நாலு பேரு சுத்திக்கிட்டாங்க, ஒருத்தரு அம்மா கையப் புடிச்சு கயிறு கட்டிட்டு ஐநூறு ரூபா கேட்டாரு, தம்பி சத்தம் போட்டதுக்கு அப்புறம்தான் விட்டாரு. ஏறுற பாதை முழுக்க ரெண்டு பக்கமும் கைநீட்டி உக்காந்திருக்காங்க, கிழவிங்க, கைக்குழந்தை வெச்சுக்கிட்டு பொண்ணுங்க. அம்மா கொண்டு போன சில்லறை பாதி தூரத்துலயே தீந்துருச்சு. அதுக்கு மேல அவங்க முகத்தப் பாக்காம ஏற வேண்டியதா போச்சு, பட்டினி கெடந்த சாமியப் பாக்கப் போற வழியில அப்படி நடந்தது எனக்கு இன்னும் உறுத்துது.

அம்மா பைக்குல ஏற மாட்டேன்னுருச்சு. "அவன் நடந்து ஏறுன மலை கண்ணு, நானும் நடந்தே வரேன்". சிமெண்ட் பாதைதான், ஆனா ஏத்தம். பத்து அடிக்கு ஒருதரம் உக்காரும், தம்பி தோளப் புடிச்சு எந்திரிக்கும். 31 கிலோ இருந்தவன் தோள். அவன் ஒரு கையில அம்மாவயும் இன்னொரு கையில அரிசிப் பையயும் தாங்கிக்கிட்டு ஏறுனான். மேல போகப் போக மந்திரம் எழுதுன துணிக் கொடிங்க பாறைக்குப் பாறை கட்டி காத்துல படபடன்னு அடிச்சுக்குது.

குகைக்கு வாசல் சின்னது, குனிஞ்சுதான் நுழையணும். உள்ள நாலஞ்சு பேருக்கு மேல நிக்க முடியாது. வெளிய அவ்ளோ குளிரு, உள்ள விளக்குப் புகையும் சூடும் மூச்சு முட்டுது, பாறை எல்லாம் கரிபிடிச்சு எண்ணெய் பூசுன மாதிரி மின்னுது. கண்ணுக்கு இருட்டு பழக கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் தெரிஞ்சாரு. தங்க நிறத்துல, கண்ணு உள்ள போயி, கன்னம் ஒட்டி, நெஞ்சுக்கூடு ஒண்ணொண்ணா எண்ணுற மாதிரி, வயிறுன்னு ஒண்ணே இல்லாம, ஆனா முதுகு மட்டும் நேரா உக்காந்திருக்காரு.

நம்ம ஊரு புத்தர் தெம்பா, நல்லா தோள் அகலமா இருப்பாரு. இப்படி ஒரு உருவத்த அம்மா பாத்ததே இல்ல. அவரே பின்னாடி தன் சீடருங்ககிட்ட சொன்னதா பாலி மொழி பௌத்த நூல்கள்ல இருக்கு, வயித்தத் தொட்டா முதுகெலும்பு கைக்கு சிக்குச்சாம், உடம்பத் தடவுனா முடி வேரோட கையோட வந்துச்சாம், விலா எலும்பு பழைய கொட்டாயோட வரிச்சு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சாம். அத நான் போனுல படிச்சுட்டுத்தான் போனேன். ஆனா நேர்ல பாக்குறப்ப ஒண்ணும் ஞாபகம் வரல, ஆஸ்பத்திரி கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு.

அம்மா பேசவே இல்ல. சிலையப் பாக்குது, திரும்பி தம்பியப் பாக்குது, மறுபடி சிலையப் பாக்குது. அப்புறம் கைய நீட்டி, சிலையத் தொடல, நெஞ்சுக்கூட்டுக்கு ஒரு சாண் முன்னாடி காத்துலயே மேலருந்து கீழ தடவுச்சு, ஈரத்துணியால தொடைக்கிற மாதிரியே. "இப்படித்தான இருந்தான்... இப்படியேதான இருந்தான் எம்புள்ள" அப்படின்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்துருச்சு. பின்னாடி வெளிநாட்டுக்காரங்க ஒரு கூட்டம் நின்னுச்சு, வழிகாட்டி ஆளு சீக்கிரம் சீக்கிரம்னு கை காட்டுறாரு. ஓரமா உக்காந்திருந்த ஒரு வயசான திபெத்திய பிக்கு அவரப் பாத்து கைய அமத்துனாரு, இருக்கட்டும்னு. அம்மா எவ்ளோ நேரம் உக்காந்துச்சுன்னு தெரியல, பத்து நிமிஷம் இருக்கும். அரிசிப் பைய சாமி முன்னாடி வெச்சு எடுத்துச்சு. தம்பி சாஷ்டாங்கமா விழ எடம் இல்லாம முட்டி போட்டு தலைய தரையில வெச்சான், எந்திரிக்கும்போது அவன் நெத்தியெல்லாம் கரி.

அந்த பிக்கு யாரோ, பேச்சு ஒண்ணும் இல்ல, ஆனா அந்த பத்து நிமிஷத்த எங்களுக்கு வாங்கிக் குடுத்தவரு அவருதான். நல்லா இருக்கணும் அவரு.

அங்கருந்து எறங்கி, அவருக்குப் பாயசம் குடுத்த பொண்ணு சுஜாதாவோட கிராமம், பக்ரௌர்னு பேரு. நிரஞ்சனா ஆத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மகாபோதி கோயில். செங்கல்ல ஒரு பெரிய ஸ்தூபி மேடு இருக்கு, கொஞ்சம் தள்ளி வயலுக்கு நடுவுல ஒரு சின்ன கோயில், அதுல எலும்பும் தோலுமா புத்தர், முன்னாடி கிண்ணத்த நீட்டிக்கிட்டு சுஜாதா. பாயசம் வைக்க அடுப்பு வேணும். தம்பி அரைகுறை ஹிந்தியில கேட்டுப் பாத்தான், ஒரு டீக்கடையில கேஸுக்கு ஆயிரம் ரூபா கேட்டாங்க. பக்கத்து வீட்டு வாசல்ல சாணி தட்டிட்டு இருந்த ஒரு அம்மா இதெல்லாம் பாத்துட்டு கைகாட்டி கூப்ட்டு அவங்க வீட்டு மண்ணடுப்ப விட்டுக் குடுத்தாங்க. பால் அவங்க வீட்டு எருமைப் பால். காசு குடுத்தப்ப பாலுக்கு மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த அம்மா முந்தானையிலயே முடிஞ்சு விட்டாங்க.

பால் கொதிக்கிற நேரத்துல நான் அம்மாகிட்ட சுஜாதா கதைய முழுசா சொன்னேன், வாத்தியார் சொல்லாம விட்டது. சுஜாதா ஒண்ணும் புத்தருக்குன்னு பாயசம் செய்யல. ஆலமரத்து தேவதைகிட்ட ஆம்பளப் புள்ள வேணும்னு வேண்டிக்கிட்டா, புள்ள பொறந்துச்சு, அந்த நேர்த்திக்கடனத் தீக்கத்தான் பாயசம் எடுத்துட்டு வந்தா, மரத்தடியில மெலிஞ்சு போயி உக்காந்தவரப் பாத்து அவருதான் தேவதைன்னு நெனச்சு குடுத்தா. அம்மா கரண்டிய அப்படியே புடிச்சுக்கிட்டு என்னப் பாத்துச்சு. "அவளும் புள்ளைக்குத்தானா?" ஆமாம்மா. "அவளும் வேண்டுதலுக்குத்தானா?" ஆமா. அப்புறம் ரொம்ப நேரம் கிண்டிக்கிட்டே இருந்துச்சு, கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கல.

இன்னொண்ணும் சொன்னேன். பாயசத்த அவரு 49 உருண்டையா உருட்டி சாப்ட்டாருன்னும், கூட தவம் இருந்த அஞ்சு பேரும் இவன் தவத்த விட்டுட்டான்னு கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னும். அம்மாவுக்கு கோவம் வந்துருச்சு. "பசிச்சவன் சாப்ட்டா தப்பா? யாரு அவனுங்க?" அந்த அஞ்சு பேரத் தேடிக்கிட்டு சாரநாத்துக்கே போயி முதல் உபதேசத்த அவங்களுக்குத்தான் குடுத்தாருன்னு சொன்னப்பறம்தான் சமாதானம் ஆச்சு.

அந்த சின்ன கோயில்ல பாயசத்த வெச்சு கற்பூரம் ஏத்த விடல, ஊதுபத்தி மட்டும். அதனால என்ன. முதல் கிண்ணம் சாமிக்கு, ரெண்டாவது அடுப்பு குடுத்த அம்மாவுக்கு, மூணாவது தம்பிக்கு. எங்கருந்தோ இருபது முப்பது புள்ளைங்க வந்துருச்சுங்க, போதி இலைய பிளாஸ்டிக்ல போட்டு விக்கிற புள்ளைங்க, காலைல எங்கள விடாம தொரத்துனதுங்க, எல்லாம் வரிசையா உக்காந்து தையல் இலைத் தொன்னையில வாங்கிக் குடிச்சுதுங்க. தம்பி ரெண்டாவது தரம் கேட்டான், மூணாவது தரமும் கேட்டான். அவனுக்கு இப்ப 35 வயசு, புத்தர் போதி மரத்தடியில ஞானம் அடைஞ்ச அதே வயசு. அம்மா எதுவும் சாப்டாம அவன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சாமி, என்ன சொல்றது உனக்கு, எங்க வீட்டு அடுப்பு இன்னைக்கும் எரியுதுன்னா உன் புண்ணியம்.

சாயங்காலம் மகாபோதி கோயிலுக்குப் போனோம். போன் உள்ள விட மாட்டாங்க, லாக்கர்ல ஒரு லைன், செருப்புக்கு ஒரு லைன், செக்கிங்ல ரெண்டு லைன், அம்மா முட்டிய புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. உள்ள போயி போதி மரத்தடியில உக்காந்ததும் அதெல்லாம் போச்சு. கூட்டம் கூட்டமா வெள்ளை உடுத்துன இலங்கை சனங்க, பலகையில விழுந்து விழுந்து கும்பிடுற திபெத்தியருங்க, ஆளுக்கொரு பாஷையில மந்திரம். மரத்துலருந்து ஒரு இலை விழுந்தா பத்து பேரு ஓடுறாங்க. ஒண்ணு ஒரு வயசான சிங்கள அம்மா மடியில விழுந்துச்சு, அவங்க பக்கத்துல இருந்த எங்கம்மாவ பாத்துட்டு என்ன நெனச்சாங்களோ அத கண்ணுல ஒத்தி அம்மா கையில குடுத்துட்டாங்க.

ஊருக்கு வந்து அடுத்த பௌர்ணமிக்கு தியாகனூர் போனோம். அப்பதான் தெரிஞ்சுது, குகையில வெச்சு எடுத்த அரிசியில ஒரு கைப்பிடிய அம்மா பொங்காம சேலை நுனியில முடிஞ்சு கொண்டு வந்துருச்சுன்னு. அத நம்ம வீட்டு அரிசியோட கலந்து பாயசம் வெச்சு அவரு முன்னாடி வெச்சுச்சு. அந்த இலையயும் பக்கத்துல வெச்சுட்டு, "போயிட்டு வந்துட்டேன் சாமி, எல்லாத்தயும் பாத்துட்டேன்"னு ஊருக்குப் போயிட்டு வந்த அண்ணன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுச்சு.