அடிக்கோடா, அடித்த கோடா

ஜூன் 3
தூக்கம் வரவில்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டு ‘சக்ஸஷன்’ தொடர் ஆரம்பித்தேன். 2018ல் வந்தது, 2023லேயே முடிந்தும் போனது. எனக்கு இப்போதுதான் வாய்த்தது. எடுத்த எடுப்பில் லோகன் ராய் இருட்டில் எழுந்து, இடம் புரியாமல் தரையிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறார். பெரிய மீடியா கம்பெனி முதலாளி, 80 வயது. நிறுத்திவிட்டேன். சாயங்காலம்தான் இங்கே விரிப்பு மாற்றினேன்.

ஜூன் 4
மறுபடியும் போட்டேன்.

ஜூன் 7
ஹெலிகாப்டருக்காகவா பார்க்கிறேன்? இல்லை. அத்தனை பேர் கண்ணும் அப்பன் முகத்திலேயே கிடக்கிறது. அவர் சும்மா ‘ம்ம்’ என்றால்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கெண்டல், ஷிவ், ரோமன் மூன்று பேரும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஹங்கேரி வேட்டைக்குப் போன இடத்தில், பெரிய பதவியில் இருக்கிற ஆட்களைப் பன்றி மாதிரி தரையில் தவழவிட்டு வேடிக்கை பார்க்கிறார். சிரித்தேன். அப்புறம் அசிங்கமாக இருந்தது.

அப்பா ஸ்பூனைத் தள்ளிவிட்டார். தம்பி ஊட்டினால் சாப்பிடுவாராம். அண்ணன் சொல்கிறான்.

ஜூன் 8
டாக்டர் வரவில்லை.

ஜூன் 14
கடைசி சீசனில் பத்து எபிசோட். மூன்றாவதிலேயே லோகனை மேலே அனுப்பிவிட்டார்கள், அதுவும் கேமராவுக்கு முகத்தைக் காட்டாமல். அவர் விமானத்தில், பிள்ளைகள் கல்யாணக் கப்பலில். மருமகன் டாம் போனை அவர் காதருகே பிடிக்கிறான்; இவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். மன்னிக்க முடியாது என்கிறான் கெண்டல், அதே மூச்சில் பாசமும் சொல்கிறான். அவர் காதில் விழுந்ததா? சொல்லவே இல்லை, பாவிகள்.

அக்கா ராத்திரி கூப்பிட்டாள். “போனை அப்பா காதுல வை.” வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருந்தாலும் கேட்டது.

ஜூன் 15
லோகனின் பெட்டகத்தில், அடுத்த முதலாளி யார் என்று எழுதிய ஒரு தாள் கிடைக்கிறது. கெண்டல் பெயர்மேல் பென்சில் கோடு. அடிக்கோடா, அடித்த கோடா? அவனும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நானும் நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜூன் 18
முடிந்தது. கடைசியில் “மூத்த பையன் நான்தான்” என்று கத்துகிறான் கெண்டல். டேய், கானர் இருக்கிறான்! முதல் தாரத்துப் பிள்ளை. நாலு சீசனாக அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும்தான்.

கையெழுத்து யார் போடுவது என்று வாசலில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே நான் இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 19
விடியற்காலையில் அப்பா கை என் மணிக்கட்டில் பட்டது. பிடித்தாரா, தள்ளினாரா? யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20
முதல் எபிசோடை மறுபடி பார்க்க வேண்டும். சார்ஜர் தம்பியிடம். 11 சதவீதம்தான்