ஆனையிறவு வாடிவீட்டில் ஐந்து இரவுகள்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். பரிசளிப்பு விழா, கிரிக்கெட், பழைய அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் முந்திய மலர்களில் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது 1968 ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் போன சாரணர் பாசறைதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம்தான் ஆனையிறவு. அந்த ஸ்டேசனில் இருபத்திநாலு பேர் இறங்கினோம். ஒரு பக்கம் உப்பளம், மற்றப் பக்கம் கடல்நீரேரி, நடுவில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. வாடிவீட்டுக்கு, அதாவது பயணிகள் தங்கும் விடுதிக்கு, பக்கத்து வெளியில் கூடாரம் அடிக்க அனுமதி வாங்கியிருந்தார் எங்கள் சேர். அது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம் என்பதை அவர் மறந்துவிட்டாரோ, எங்கள் முடிச்சுகளை அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டாரோ தெரியாது. முதல் இரவே இரண்டு கூடாரங்கள் முளையோடு கிளம்பிப் போயின. வாடிவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பு அரிக்கன் லாம்போடு வந்து, “தம்பியவை, உங்கட கூடாரம் இப்ப வெற்றிலைக்கேணி தாண்டியிருக்கும். எழும்பி உள்ளுக்கு வாங்கோ” என்றார். வெற்றிலைக்கேணி கிழக்குக் கடற்கரையில் உள்ள ஊர். அதற்குப் பிறகு ஐந்து இரவும் விறாந்தையில்தான் படுத்தோம்.

வாடிவீடு என்றால் மற்ற ஊர்களில் உள்ளது போல ஓடு போட்ட பங்களா என்று நினைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்துச் சின்னக் கோட்டை ஒன்றைத்தான் பிற்காலத்தில் தங்குமிடமாக மாற்றியிருந்தார்கள். சுவரின் தடிப்புக்கு, ஜன்னல் குந்தில் எங்களில் மெலிந்தவன் ஒருவன் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினான். வன்னியில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்த நீரேரி வழியாகத்தான் குடாநாட்டுக்குள் நடத்திக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்கள். ஊரின் பெயரே அதில் வந்ததுதான். போகிறவன் வருகிறவனைப் பார்த்திருக்கக் கட்டிய காவல் வீடு அது. போர்த்துக்கேயர் இதை 1760இல் கட்டினார்கள் என்று இப்போது பல இடங்களில் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையை அவர்கள் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்ததே 1658இல். எங்கள் சரித்திர மாஸ்ரர் இருந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பார்.

சரி, சோற்றுக் கதைக்கு வருவோம். இரண்டாம் நாள் சமையல் எங்கள் அணிக்கு. முற்றத்துக் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் சோறு வைத்தோம். சுன்னாகத்துப் பையன் ஒருவன், வீட்டில் அம்மா செய்வது போல, அதில் ஒரு கைப்பிடி உப்பையும் போட்டான். அந்தக் கிணறு சவர்; தண்ணீரே உப்புக் கரிக்கும். இறக்கி வைத்த சோற்றை ஒரு வாய்க்கு மேல் ஒருவராலும் விழுங்க முடியவில்லை. சேர் மட்டும், சாரணன் உணவை எறியக்கூடாது என்று சொல்லி மூன்று வாய் சாப்பிட்டார். அப்புறம் அவரும் எழுந்து போய்விட்டார்.

அப்பு சிரித்துச் சிரித்து இருமினார். குடிதண்ணீர் பக்கத்து ஊரான இயக்கச்சியில் இருந்து மாட்டு வண்டிலில் பீப்பாவில் வந்தது. அதை ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். “இஞ்ச உப்பைத் திருடினால் ஒருத்தரும் கேளார். தண்ணியைத் தொட்டால்தான் சண்டை” என்றார். ஆளுக்கு அரைப் பேணி அளந்து ஊற்றினார். குனிந்து ஊற்றும்போது பீப்பாவின் விளிம்பில் ஒட்டிய துளியை விரலால் வழித்து எங்கள் பேணிக்குள்ளேயே விட்டார். அந்த விரல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

1991 யூலையில் அந்த இடத்தில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் பெரும் சண்டை நடந்ததும், இராணுவம் வெற்றிலைக்கேணியில் இறங்கியதும் லண்டனில் இருந்து கேட்ட செய்திகள். எங்கள் கூடாரம் போன ஊர் என்று மனைவியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை; எனக்கும் வரவில்லை. 2000 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது, எத்தனையோ ஆயுதங்களோடு இருந்த தளம் எப்படி விழுந்தது என்று இங்கே எல்லோரும் வியந்தார்கள். இயக்கச்சி பறிபோய்க் குடிதண்ணீர் நின்றதுதான் பெரிய காரணம் என்று வாசித்தபோது, எனக்கு மட்டும் ஆச்சரியமாக இருக்கவில்லை. எந்த இராணுவ நிபுணருக்கும் முன்னால் அப்பு அதைச் சொல்லிவிட்டாரே.

2016இல் ஊருக்குப் போனபோது கொழும்பு ரயிலில் ஜன்னலோரம் இருந்து பார்த்தேன். பரந்தன் கழிந்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். உப்புப் பாத்தி தெரிந்தது, தெருவில் போர் நினைவுச் சின்னங்கள் தெரிந்தன. வாடிவீடு இருந்த இடம் எது என்று பிடிபடுவதற்குள் வண்டி நீரேரியைக் கடந்துவிட்டது. எதிரில் இருந்த பெடியனிடம் கேட்டேன். “வாடிவீடோ? இங்க ஹோட்டல் ஒண்டும் இல்லை ஐயா” என்றான்.

இப்போது எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு தீராத வழக்கு ஓடுகிறது. சவர்க் கிணறு தெருப்பக்கம் இருந்தது என்பது என் கட்சி. சிட்னியில் இருப்பவர் நீரேரிப் பக்கம் என்று படம் கீறியே அனுப்பிவிட்டார். சுன்னாகத்துக்காரன் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். அவனுக்குக் கிணறு எந்தப் பக்கம் என்பதில் அக்கறை இல்லை. அன்று சோற்றுக்குத் தான் உப்பே போடவில்லை என்று மட்டும் மாதம் ஒரு தடவை எழுதுகிறான்.