முதல் சர்வீஸில் ஆயில் கூடிப்போனால்

சர்வீஸ் முடித்துப் புது வண்டியை எடுத்துவந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை, அதாவது என்ஜின் ஆயில் மட்டம் காட்டும் கோடுபோட்ட கம்பியை, உருவிப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். துடைத்து, அடிவரை இறக்கி, மறுபடி உருவினால் தெரிவதுதான் சரியான அளவு. மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறியிருந்தால், “கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான் சார்” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். நல்லதே இல்லை.

பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் பிடிக்கும். மட்டம் அதிகம் ஏறினால் என்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். பம்ப் நுரையை இழுத்தால் பேரிங்குக்குப் போகும் ஆயில் பிரஷர் விழும். மிஞ்சிய ஆயில், என்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் வழியே, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஏறி எரிந்து நீலப் புகையாக வரும். நாளடைவில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும்.

3 லிட்டரும் சில்லறையும் பிடிக்கும் என்ஜினில் 4 லிட்டர் கேனை அப்படியே கவிழ்ப்பதுதான் வழக்கமான தவறு. பழைய ஆயில் முழுக்க வடியும் முன் அடியிலுள்ள ட்ரெயின் போல்ட்டை முடுக்குவது இன்னொன்று. பில்லில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறது, ஓனர்ஸ் மேனுவலில் எவ்வளவு என்று ஒப்பிட்டாலே பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். டீசல் வண்டியில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியின் சுத்திகரிப்பின்போது டீசல் கலந்து மட்டம் உயர்வதுண்டு என்பது உண்மை. ஆனால் சர்வீஸுக்கு மறுநாளே விரல் அகலத்துக்கு உயராது.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டிப்ஸ்டிக், ஓடோமீட்டர், பில் மூன்றையும் படம் எடுத்து மெயிலில் அனுப்பி, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இல்லையேல் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் மூலம் ஏற்றி அனுப்புங்கள். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் வாஷர் புதிதாக மாற்றப்பட வேண்டும். நசுங்கிய பழைய வாஷர் கசியும்.

எடுத்த ஆயிலை அளவு ஜாடியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். “ஆயில் அதிகம் நிரப்பப்பட்டிருந்தது, இத்தனை மில்லி வெளியேற்றப்பட்டது” என்று புது ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) எழுதி, சீல், கையெழுத்து வாங்காமல் சாவியை வாங்காதீர்கள். சென்சாரோ கன்வர்ட்டரோ பின்னால் கெட்டால் வாரண்டிக்கு வாதாட அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும். எழுத மறுத்தால் தயாரிப்பு நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்குங்கள். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

சரிசெய்த பிறகு 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மட்டத்தை மறுபடி பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள், சொட்டு விழுந்தால் காலையில் தெரிந்துவிடும்.