பயத்துக்கு என்ன பதில்?

வேலை போய்விடுமோ என்று ஒருவர் கலங்கும்போது, "பொருளாதாரம் நன்றாக வளர்கிறது" என்று சொல்லும் தலைவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வளர்ச்சி உண்மையாகவே இருக்கலாம். கேட்டவருக்கு அது பதில் இல்லையே.

1933 மார்ச்சில் அமெரிக்க மக்கள் பயந்துபோய் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதவியேற்ற கையோடு புதிய அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக மூடினார். வங்கிகளுக்காக அவசரமாக ஒரு சட்டம் வந்தது. அப்புறம் மார்ச் 12 அன்று வானொலியில் பேசினார். நீங்கள் போட்ட பணம் பெட்டகத்தில் சும்மா கிடப்பதில்லை, கடனாக வெளியே போகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று எளிமையாக விளக்கினார். எந்த ஊர் வங்கிகள் முதலில் திறக்கும் என்றும் சொன்னார். வங்கிகள் திறந்ததும், எடுத்த பணத்தை மக்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள்! மக்களை விவரம் புரிந்தவர்களாக மதித்துப் பேசிய பேச்சு அது.

1992 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். அதிபர் புஷ் கேள்வியே புரியாமல் தடுமாறினார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கிளிண்டன் அந்தப் பெண்ணின் அருகில் போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் வேலை, வாடகை, கடன் பற்றி நேராகவே கேளுங்கள். என்ன செய்வார், எப்போது செய்வார் என்பதையும் சேர்த்து.