சின்ன வெப்சைற்றுக்கு எஸ்எஸ்ஐ காணும்

சனசமூக நிலையம், கோயில், பழைய மாணவர் சங்கம் எண்டு எங்கட பக்கத்து வெப்சைற்றுகள் கனக்க ஒரே மாதிரித்தான், முப்பது நாப்பது பக்கம், மேல ஒரே மெனு, கீழ ஒரே விலாசமும் போன் நம்பரும். நம்பர் மாறினா எல்லாப் பைலையும் திறந்து திருத்தோணும், இல்லாட்டி ஆரோ ஒரு பெடியன் வேர்ட்பிரஸ்ஸைப் போட்டுக் குடுத்திட்டு வெளிநாடு போயிடுவான், பிறகு அதை அப்டேற் பண்ண ஆள் இராது. உதுக்கு 90களிலயே ஒரு வழி வந்திட்டுது, சேர்வர் சைட் இன்குளூட், சுருக்கமா எஸ்எஸ்ஐ, ஒரு பைலில இருக்கிறதை மற்றப் பக்கங்களுக்குள்ள சேர்வரே சேத்துத் தரும். என்சிஎஸ்ஏ எண்ட பழைய வெப் சேர்வர் மென்பொருளில தொடங்கினது, இண்டைக்குக் கனபேர் பாவிக்கிற அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் எண்ட சேர்வர் மென்பொருள் ரெண்டிலயும் இருக்குது.

மெனுவைத் தனிப் பைலா வச்சிட்டு, பக்கத்தில அது வரவேண்டிய இடத்தில ஒரு வரி. இந்த வரியைத்தான் டைரக்டிவ் எண்டுறது, பாக்க எச்ரிஎம்எல் கொமென்ற், அதாவது பிரவுசர் காட்டாமல் விடுற குறிப்பு, மாதிரியே இருக்கும், ஆனா திறக்கிற அடையாளத்தோட இடைவெளி விடாமல் ஹாஷ் ஒட்டவேணும், பிறகு இன்குளூட் வேர்ச்சுவல், சமன், மேற்கோளுக்குள்ள பைலின்ர பாதை, கடைசியா மூடுற அடையாளத்துக்கு முன்னால கட்டாயம் ஒரு ஸ்பேஸ். வேர்ச்சுவலுக்குப் பதிலா ஃபைல் எண்டும் போடலாம், ஆனா அதில மேல் ஃபோல்டருக்குப் போக ஏலாது, ஆனபடியா நான் அதைத் தொடுறேல்ல.

அப்பாச்சியில வழமையா பைலுக்கு எஸ்எச்ரிஎம்எல் எண்டு பேர் முடியோணும், சேர்வர் செற்றிங்கில ஒப்ஷன்ஸ் எண்ட வரியில இன்குளூட்ஸைத் திறந்து, அந்த வகைப் பைலுக்கு ஃபில்ரரையும் சொல்லிவிடோணும். சேர்வருக்கு அந்த வரி விளங்கேல்லையெண்டா சதுர அடைப்புக்குள்ள ஒரு இங்கிலீஸ் வரி பக்கத்தில வந்து நிக்கும், காரணம் சேர்வர் பிழைகளை எழுதிவைக்கிற எரர் லொக்கிலதான் கிடக்கும். ஒண்டுமே வராமல் வெறுமையா இருந்தா வேற கதை, சேர்வர் அந்தப் பைலைப் பாக்கவே இல்லை, பிரவுசர் அதைச் சும்மா கொமென்ற் எண்டு விட்டிட்டுது. கொம்பியூட்டரில டபிள் கிளிக் பண்ணித் திறந்து பாக்கிற ஆக்களுக்கும் இதேதான் நடக்கும், நடுவில சேர்வர் இல்லையே.

எங்களுக்கெண்டு ஒரு தனிக் கரைச்சல் இருக்குது, பாமினி, இங்கிலீஸ் எழுத்துகளின்ர இடத்தில தமிழைக் காட்டுற பழைய ஃபொண்ட். பக்கத்தின்ர கீழ வாற பழைய ஃபூட்டர் பாமினியில அடிச்சதெண்டா, யூனிகோட் பக்கத்துக்குள்ள அது இங்கிலீஸ் எழுத்துக் குப்பையாத்தான் வரும், முதல்ல மாத்திப்போட்டுச் சேருங்கோ. யூரிஎஃப்-8 இல சேவ் பண்ணேக்க பிஓஎம், அதாவது பைலின்ர தொடக்கத்தில ஒட்டுற கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, இல்லாமல் சேவ் பண்ணுங்கோ, இல்லாட்டி மெனுவுக்கு மேல ஆர் விட்டதெண்டு தெரியாத ஒரு வெறும் இடைவெளி வரும், பக்கத்தின்ர தோற்றத்தைச் சொல்லுற சிஎஸ்எஸ்ஸில தேடித் தேடிக் களைச்சுப்போவியள்.

கடைசியா மாத்தின திகதியையும் எஸ்எஸ்ஐயே போட்டுத் தரும். மாசப் பேர் பெரும்பாலும் இங்கிலீசிலதான் வரும், நான் நாள், மாசம், வருசம் மூண்டையும் இலக்கமா வர வச்சிடுவன், பாக்க வடிவாயும் இருக்கும்.

எக்ஸெக் எண்டொரு டைரக்டிவ் இருக்குது, அது சேர்வரில கட்டளையே ஓட்டும். அதைப் பூட்டுங்கோ, இன்குளூட்ஸ் நோஎக்ஸெக் எண்டு போட்டாக் காணும். வாறவை எழுதுறதை அப்பிடியே பக்கத்தில போடுற கெஸ்ற்புக் ஏதும் இருந்தா கேக்கவே வேண்டாம், எவனாவது அதுக்குள்ள ஒரு டைரக்டிவை எழுதிவிடுவான்.

மச்சான் முறைப் பெடியன் ஒருத்தன், "அண்ணை, இப்ப ஆர் உதைப் பாவிக்கினம், ஸ்ரற்றிக் சைற் ஜெனரேற்றர் ஒண்டைப் போடுங்கோவன்" எண்டான். அது டெர்மினலில கட்டளை குடுத்து முழுப் பக்கங்களையும் முன்கூட்டியே செய்து வைக்கிற மென்பொருள், அவன் செய்வான். நிலையத்துச் செயலாளர் ஐயா டெர்மினலைத் திறந்து பில்ட் பண்ணமாட்டார், நோட்பாட்டில நம்பரை மாத்தி எஃப்ரிபியில சேர்வருக்கு ஏத்துவார்.