புரோகிராமிங் படிப்பவர்களுக்கு: எழுதுவதற்கு முன் வாசிக்கப் பழகுங்கள்

புரோகிராமிங் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பைத்தானில் ஆரம்பிக்கவா, ஜாவாவிலா, சி மொழியிலா என்பதுதான். எதில் வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். ஒன்றில் கை நன்றாகப் பழகிவிட்டால் அடுத்த மொழி அவ்வளவு சிரமமாக இருக்காது. அதைவிட, இந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் நான் படிக்கிற முறையே மாறியது.

வெளியிலிருந்து பார்த்தால் கீபோர்டில் விடாமல் தட்டுகிற வேலை மாதிரி தெரியும். உண்மையில் பெரும்பகுதி நேரம் வேறு யாரோ எழுதிய நிரலை வாசிப்பதிலும், கேட்கிறவருக்கு என்னதான் வேண்டும் என்று துருவிக் கேட்பதிலும், எல்லா இடத்திலும் சரியாக ஓடுகிற நிரல் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏன் தப்பான விடை தருகிறது என்று தேடுவதிலும்தான் போகிறது. "மாணவர்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கிக் கொடு" என்று ஒரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தால் யார் முதலில்? தேர்வுக்கே வராதவருக்கு 0 போடுவதா, பட்டியலிலிருந்தே விடுவதா? மனிதரிடம் சொன்னால் அவராகப் புரிந்துகொண்டு செய்வார், கணினி அப்படிச் செய்யாது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே முடிவெடுப்பதுதான் புரோகிராமரின் வேலை, எழுதுவது அதற்குப் பிறகு வருவது.

சரி, இதைத் தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது? எனக்கு மிகவும் கைகொடுத்தது டிரை ரன், அதாவது நிரலைக் கணினியில் ஓட்டாமல் தாளில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு வேரியபிளுக்கும் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) ஒரு நெடுவரிசை போட்டு, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் எந்த மதிப்பு எப்படி மாறுகிறது என்று கீழே கீழே எழுதிக்கொண்டே போக வேண்டும். ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும், ஆனால் "இந்த நிரலின் விடை என்ன" என்று வரும் கேள்விகளில் இந்தப் பழக்கம் இருப்பவர்கள் தடுமாற மாட்டார்கள்.

பைனரி சர்ச் என்ற தேடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக அடுக்கிய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட அதற்கு ஏறக்குறைய 20 சுற்றுகள் போதும், ஒவ்வொரு சுற்றிலும் பாதியைக் கழித்துவிடுகிறது. பாடத்தில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்யாமல், காலிப் பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும், ஒரே ஒரு பெயர் இருந்தால் என்ன ஆகும், தேடுகிற பெயரே இல்லையென்றால் லூப் எங்கே நிற்கும் என்று மூன்றையும் தாளில் ஓட்டிப் பாருங்கள். ஜாவாவோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல் தொகுப்பில் இருந்த பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2006இல்தான் வெளியே தெரிந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள், பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் பிடிக்கும் உச்ச அளவான 2,147,483,647ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாக மாறிவிடும்.

டேட்டா டைப் (ஒரு மதிப்பு எந்த வகை, எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது) பாடத்தை இரண்டு மதிப்பெண் கேள்வி என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டைப் பற்றிச் சொல்வேன். 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணம், கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வானிலேயே சிதறியது. அதற்கு முந்தைய ஏரியன் 4இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், அதில் ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் இருந்தது. எதிர்மறை எண்களுக்கும் இடம் விடும் அந்த 16 பிட்டில் 32,767க்கு மேல் பிடிக்காது, புதிய ராக்கெட்டின் வேகத்தில் அந்த மதிப்பு அதைத் தாண்டிவிட்டது. 1985 முதல் 1987 வரை தெராக் 25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் மென்பொருள் பிழைகளால் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்து உயிர்களே போயின. புரோகிராமிங் ஏன் முக்கியம் என்று கட்டுரைக் கேள்வி வந்தால், "எல்லாத் துறையிலும் பயன்படுகிறது" என்று பொதுவாக எழுதுவதை விட இப்படி ஒன்றை விளக்கி எழுதுங்கள், படிக்கிறவருக்கு விஷயம் உறைக்கும்.

எரர் மெசேஜைப் பயந்துபோய் மூடிவிடாதீர்கள், முழுதாக வாசியுங்கள், பெரும்பாலும் வரி எண் அதிலேயே இருக்கும். ஏஐ கருவிகளிடம் விடை கேட்கலாம், தப்பில்லை, ஆனால் முதலில் நீங்கள் முயன்று பாருங்கள், அப்புறம் அது கொடுத்த நிரலையும் டிரை ரன் செய்யுங்கள். எழுத்துத் தேர்வில் சின்டாக்ஸ் (மொழியின் எழுத்து விதி) மறந்துபோனால் பக்கத்தைக் காலியாக விடாமல் படிகளையாவது வரிசையாக எழுதுங்கள். இன்டர்வியூவில் கேள்வி வந்த உடனே எழுத ஆரம்பிக்காமல், உள்ளீடு காலியாக வருமா, எண்கள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேளுங்கள், எதிரில் இருப்பவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

தேர்வுக்கு முந்தைய நாள் புதுத் தலைப்பு எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே எழுதிய நான்கைந்து நிரல்களை எடுத்து, வேறு உள்ளீடு கொடுத்தால் என்ன விடை வரும் என்று முதலில் தாளில் எழுதுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அன்றைக்கு அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.